முள் நின்ற இடம்

(எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடிய ஒரு கூட்டத்தில், சமயநல்லூரில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாற்றப்படவில்லை.)



என்னை அறிமுகம் செய்துவைத்த ஐயா, "குண்டா இருக்கிறவங்களை ஒல்லியாக்குற மேடம்" என்று சொன்னார். ஒல்லியாக்குவது சர்ஜனின் வேலை. நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகர். ஆபரேஷன் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போய், மளமளவென்று எடை இறங்கி, ஊரே பாராட்டி, பிறகு ஒரு நாள் எடை அப்படியே நின்றுவிடும் அல்லவா? அன்றைக்குத்தான் என் அறைக் கதவைத் தட்டுவார்கள். பதினைந்து வருஷமாக நான் அதிகம் கேட்ட சொல் "நிண்டு போச்சு" என்பதுதான். இன்றைக்கு அந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரயில் நிலையங்களில் கலர் பல்பு எரிந்துகொண்டிருக்கும் எடை மெஷின் ஒன்று நிற்கும். ஏறி நின்று காசு போட்டால் உள்ளே சக்கரம் சுற்றி, டக்கென்று ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை. மறுபக்கம் பலன். "நீங்கள் நல்ல மனம் படைத்தவர், விரைவில் தனலாபம்" என்கிற மாதிரி. அந்த மெஷின்கள் பெரும்பாலும் போய்விட்டன, அந்த அட்டை நம் தலைக்குள் அப்படியே இருக்கிறது. எடையைப் பார்த்த அடுத்த நொடி அட்டையைத் திருப்பிப் பலனையும் வாசித்துவிடுகிறோம். எண் இறங்கினால் நான் நல்லவள். நின்றால் நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன். இப்போது எல்லார் வீட்டிலும் இருப்பது எண் காட்டும் மெஷின், முள்ளே கிடையாது. ஆனாலும் "முள்ளு நகரல மேடம்" என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது.

இப்படி முள் நிற்பதைத் தேக்கம் என்போம். முதல் தேக்கம் மூன்றாவது வாரத்தில் வரும். அதை விரைவாகச் சொல்லிவிட்டுக் கடக்கலாம், ஏனென்றால் அது தேக்கமே இல்லை. ஆபரேஷன் முடிந்த முதல் பத்து நாளில் நான்கு கிலோ, ஐந்து கிலோ என்று போகும். வீட்டில் ஒரே சந்தோஷம். பிறகு ஒரு ராத்திரி போன் வரும்: "மேடம், அஞ்சு நாளா அசையல. உள்ள தையல் கியல் பிரிஞ்சிருக்குமோ?" பிரியவில்லை. நம் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற ஒரு சேமிப்பு இருக்கிறது. ஏறக்குறைய அரை கிலோ. ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்தவுடன் உடம்பு முதலில் கைவைப்பது இதில்தான். ஆக, முதலில் இறங்கியதில் ஏறக்குறைய இரண்டு கிலோ இந்தச் சேமிப்பும் அதன் தண்ணீரும்தான். அதன் பிறகு உடம்பு தன் நீர்க்கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. கொழுப்பு உள்ளே கரைந்துகொண்டே இருக்க, வெளியே எண் மட்டும் ஒரு வாரம், இரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரம் நிற்கிறது. பிறகு தானாக இறங்கும். இந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுங்கள். தினமும் மூன்று முறை எடை பார்த்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், கக்கூஸ் போய் வந்த பின். எடை பார்ப்பதை நிறுத்தச் சொன்னதற்கு, ஆபரேஷனுக்குப் பயந்ததைவிட அதிகம் பயந்தார்.

உண்மையான தேக்கம் ஆறாம் மாதத்துக்குப் பிறகு தலைகாட்டும். ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் உறுதியாக வந்து உட்காரும். அதைப் புரிந்துகொள்ள ஆபரேஷன் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானோர் செய்துகொண்டது ஸ்லீவ் என்கிற வகை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக் குழாயாக விடுவார்கள். இது பிறந்த கதை வேடிக்கையானது. இதைவிடப் பெரிய ஒரு குடல் ஆபரேஷனின் முதல் பாதியாகத்தான் இது இருந்தது. அதிக எடையுள்ளவர்களுக்கு ஒரே மூச்சில் முழு ஆபரேஷனையும் செய்வது ஆபத்து என்று, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு தவணையாகப் பிரித்தார்கள். முதல் தவணை முடிந்து வீட்டுக்குப் போனவர்களில் பலருக்கு இரண்டாவது தவணை தேவைப்படாத அளவுக்கு எடை இறங்கியிருந்தது. பாதி வேலையே முழு வேலையாகிவிட்டது. இன்னொரு வகையான இரைப்பை பைபாஸ் இதற்கு மூத்தது. 1966-இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும் செய்தது. வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்த நோயாளிகள் திரும்ப எடை போட முடியாமல் இருந்ததைக் கவனித்துத்தான் மேசனுக்கு அந்த யோசனை வந்தது. நம் பக்கத்தில் கோயம்புத்தூரில் மருத்துவர் சி. பழனிவேலுவின் ஜெம் மருத்துவமனை போன்ற இடங்கள் இந்த ஆபரேஷன்களைச் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி முறையை ஊரறியச் செய்தன.

இரைப்பை சின்னதாகிவிட்டது, அதனால் சாப்பாடு குறைந்தது, அதனால் எடை குறைந்தது. இப்படித்தான் எல்லாரும் நினைக்கிறோம். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பினால் தேக்கம் வரும்போது, "அப்ப பை விரிஞ்சு போச்சு, நான்தான் விரிச்சுட்டேன்" என்று அழத் தோன்றும்.

நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துப் பாருங்கள். மழை எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது. ஏன்? கலுங்கு இருக்கிறது. அதைத் தாண்டினால் மறுகால் பாய்ந்துவிடும். கண்மாயின் மட்டத்தைத் தீர்மானிப்பது மழையைவிடக் கலுங்கின் உயரம்தான். நம் உடம்பிலும் அப்படி ஒரு கலுங்கு இருக்கிறது, மூளையில். பசி, நிறைவு, எரிக்கும் வேகம் எல்லாவற்றையும் வைத்து அது ஒரு மட்டத்தைக் காவல் காக்கிறது. பல வருஷங்களில் அந்தக் கலுங்கு மெல்ல மெல்ல உயர்த்திக் கட்டப்பட்டுவிட்டது. பரம்பரை, தூக்கமின்மை, மருந்துகள், மலிவாகக் கிடைக்கும் இனிப்பும் எண்ணெயும் என்று கொத்தனார்கள் பலர். ஆபரேஷன் செய்வது என்னவென்றால், அந்தக் கலுங்கை இரண்டடி தட்டி இறக்குவது. இரைப்பையின் மேல்பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தது. ஸ்லீவில் அந்தப் பகுதி போய்விடுகிறது. உணவு குடலுக்கு வேகமாகப் போய்ச் சேர்வதால் நிறைவைச் சொல்லும் வேறு ஹார்மோன்கள் கூடுகின்றன. மூளைக்குப் போகும் தகவலே மாறிவிடுகிறது.

கலுங்கை இறக்கினால் முதலில் தண்ணீர் சீறிப் பாயும். பிறகு வேகம் குறையும். பிறகு கசியும். புது மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடும். நின்றதைப் பார்த்து, "கலுங்கு கெட்டுப்போச்சு" என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார்.

இது என் கற்பனை உவமை என்று நினைக்க வேண்டாம். எலிகளுக்கு இதே ஸ்லீவ் ஆபரேஷன் செய்து பார்த்திருக்கிறார்கள். எடை இறங்கி நின்ற பிறகு, அவற்றுக்கு வேண்டுமென்றே உணவைக் குறைத்து மேலும் இளைக்க வைத்தார்கள். பிறகு உணவைத் தாராளமாக விட்டார்கள். அந்த எலிகள் கூடுதலாகச் சாப்பிட்டு, நின்ற பழைய மட்டத்துக்கே திரும்பி வந்தன. அதற்கு மேலே போகவில்லை. சின்ன இரைப்பை கூடுதலாகச் சாப்பிடுவதைத் தடுக்கவில்லை பாருங்கள். உடம்பு ஒரு மட்டத்தைத் தேடிப் போகிறது, அவ்வளவுதான்.

உவமை ஒரு இடத்தில் பற்றாது. கண்மாய் சும்மா கிடக்கும். உடம்பு சும்மா கிடக்காது. தண்ணீர் வேகமாக இறங்கினால் உடம்பு ஓடிப் போய் மடையை அடைக்கும். 1944-45-இல், இரண்டாம் உலகப்போர் முடியும் நேரத்தில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை செய்தார். போருக்குப் போக மனச்சாட்சி இடம்கொடுக்காத 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. உடல் எடையில் கால் பங்கு போனது. அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்துவிட்டது. இதயத் துடிப்பு மெதுவானது, கோடையிலும் குளிர்ந்தது, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. அவர்கள் மன உறுதி இல்லாதவர்களா? கொள்கைக்காகச் சிறைக்குக்கூடத் தயாராக இருந்தவர்கள். நம் மண்ணில் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். பஞ்சம் வந்தால் உடம்பு கையைச் சுருக்கிக்கொள்ளும். இது பஞ்சமா, ஆபரேஷனா, டயட்டா என்று அதற்குத் தெரியாது. ஆபரேஷனின் நல்ல பக்கம் என்னவென்றால், பட்டினி கிடப்பவரின் பசியைப் போல அகோரப் பசி இதில் வருவதில்லை. ஆனால் சிக்கனம் வரத்தான் செய்யும்.

இன்னொரு சின்ன விஷயம். 118 கிலோவிலிருந்து 84-க்கு வந்த ஒரு அம்மா இருந்தார். முதல் மாதத்தில் மூச்சு வாங்க நடந்த அதே இரண்டு கிலோமீட்டரைத்தான் இன்றும் நடக்கிறார். அன்றைக்கு அவர் ஒரு அரிசி சிப்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தார். 26 கிலோ சிப்பம். (25 கிலோ வரை பை கட்டினால் ஜி.எஸ்.டி. என்று 2022-இல் சட்டம் வந்த பிறகுதானே கடையில் எல்லாம் 26 ஆனது.) அதற்கு மேல் இன்னொரு எட்டு கிலோ. இன்றைக்கு அந்தச் சுமை இல்லை. சுமை இல்லாத நடைக்குச் செலவும் குறைவு. சாப்பாடு அதே அளவு, நடை அதே தூரம், வரவும் செலவும் ஒரு நாள் சமமாகிவிடும். அந்த நாளின் பெயர்தான் தேக்கம்.

எங்கள் தொழில்காரர்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ஆபரேஷனுக்கு முன் ஆலோசனை கொடுக்கும்போது ஒரு கோட்டுப்படம் காட்டுவோம். கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கும். பன்னிரண்டாம் மாதத்தில் படம் முடிந்துவிடும். நானே எத்தனையோ பேருக்கு அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு கோடு எங்கே போகிறது என்று காட்டியதில்லை. ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் காட்டினார்கள். 1987-இல் தொடங்கி, ஆபரேஷன் செய்த இரண்டாயிரம் பேரையும் செய்யாத இரண்டாயிரம் பேரையும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2007-இல் வெளியான அவர்களுடைய கணக்கில், பைபாஸ் செய்தவர்கள் ஒன்று இரண்டு வருஷத்தில் உடல் எடையில் 32 சதவீதம் குறைந்திருந்தார்கள். பத்தாவது வருஷம் அது 25 சதவீதம். அதாவது இறங்கிய எடையில் ஒரு பங்கு எல்லாரும் சராசரியாகத் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். ஆபரேஷன் செய்யாதவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், இரண்டு சதவீதம் கூடக்குறைய. செய்தவர்களிடம் மரணமும் குறைவாக இருந்தது. அந்த ஆய்வில் ஸ்லீவ் கிடையாது, அப்போது அது வழக்கத்துக்கு வரவில்லை. ஆனாலும் கோட்டின் வடிவம் அதேதான்: இறக்கம், சமதளம், மெல்லிய ஏற்றம். இந்தப் படத்தை முதல் நாளே முழுதாகக் காட்டியிருந்தால் என் அறையில் பாதிப் பேர் அழுதிருக்க மாட்டார்கள்.

"அப்ப ஒண்ணுமே செய்ய வேண்டாமா மேடம்?" என்று பின்வரிசையில் ஒருவர் முகத்திலேயே கேட்கிறார். செய்ய வேண்டும். கலுங்கின் மட்டம் எது, அதற்கு மேலே நாமே வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்துவிட்ட தண்ணீர் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு நான் கேட்பது ஒன்றுதான். மூன்று நாள், வாயில் போட்டது எல்லாவற்றையும் எழுதி வாருங்கள். பலகாரம், பானம், பேரன் மிச்சம் வைத்தது, எல்லாம்.

எழுதி வந்த நோட்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது என்ன தெரியுமா? யாரும் அதிகம் சாப்பிடுவதில்லை. மெத்தென்று சாப்பிடுகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கறி அடைக்கும், முட்டையின் வெள்ளை தொண்டையில் நிற்கும், சப்பாத்தி இறங்காது. ஒரு முறை நெஞ்சில் அடைத்த வேதனை பட்டவர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். எது வழுக்கிக்கொண்டு இறங்குகிறதோ அங்கே போவார்கள். டீயில் நனைத்த பிஸ்கட். பால் ஊற்றிய இடியாப்பம். ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்த சோறு. வாயில் போட்டால் கரையும் மிக்சரும் முறுக்கும். இவை சின்ன இரைப்பையில் நிற்பதே இல்லை, ஒரு மணி நேரத்தில் வயிறு காலி. மறுபடி ஒரு கை மிக்சர். ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம்தான், ஆனால் நாளைக்குப் பதினோரு வேளை.

ஒருவருடைய ஒரு நாள் நோட்டைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் ஒரு இட்லி, சாம்பார். பத்து மணிக்கு டீ, பிஸ்கட். மத்தியானம் நான்கு கரண்டிச் சோறு, ரசம், உருளைக்கிழங்கு. சாயங்காலம் டீ, மிக்சர். ராத்திரி இடியாப்பம். சாப்பாட்டு அளவைப் பார்த்தால் குருவிச் சாப்பாடு. புரதத்தைக் கூட்டினால் 25 கிராமைத் தாண்டவில்லை. அவருக்கு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும், 80 என்றால் இன்னும் நல்லது. ஒரு இட்லியில் ஏறக்குறைய இரண்டு கிராம்தான் இருக்கிறது. புரதம் குறைந்தால் உடம்பு தசையைக் கரைக்கும். தசை போனால் எரிக்கும் அடுப்பும் சின்னதாகிவிடும். மூன்றாம் மாதத்தில் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறதே, வேகமாக எடை இறங்கிய அதிர்ச்சியில் வருவதுதான் அது. புரதமும் இரும்புச் சத்தும் குறைந்திருந்தால் கூடுதலாகக் கொட்டும்.

இதை மதுரைச் சமையலிலேயே சரிசெய்யலாம், டப்பா பவுடர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு முட்டை 12 கிராம். நூறு கிராம் மீன் 18, 20 கிராம். கோழி வறண்டு அடைக்கிறது என்பவர்களுக்கு நான் மீனைத்தான் சொல்வேன், அயிரை மீன் குழம்பு இறங்காத தொண்டையை நான் இதுவரை பார்க்கவில்லை. கறியாக இறங்காவிட்டால் அரைத்துக் கோலா உருண்டையாக்கி, பொரிக்காமல் குழம்பில் போடுங்கள். சைவம் என்றால் சுண்டல், பன்னீர், கெட்டித் தயிர், பால், பருப்பை மசித்த கூட்டு. முக்கியம் வரிசை. நமக்குச் சாப்பாடு என்றால் முதல் வாய் சோறுதான், அப்புறம்தான் மற்றதெல்லாம். உங்கள் தட்டில் முதல் ஐந்து வாய் மீனோ முட்டையோ சுண்டலோ இருக்கட்டும். சோற்றுக்கு இடம் இருந்தால் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி கழித்துக் குடிக்கலாம்.

அடுத்தது குடிக்கிற சமாச்சாரம். மதுரையில் பிறந்துவிட்டு ஜிகர்தண்டாவைப் பற்றித் தப்பாகப் பேசினால் நான் உயிரோடு பஸ் ஏற முடியாது. பேசவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: சுண்டக் காய்ச்சிய பால், சர்க்கரை, நன்னாரி, பாதாம் பிசின், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். வெட்டிச் சின்னதாக்கிய இரைப்பை பரோட்டாவைத் தடுக்கும், கறியைத் தடுக்கும். இதை மட்டும் தடுக்காது. வழுக்கிக்கொண்டு போய்விடும். பைபாஸ் செய்தவர்களுக்குச் சில நேரம் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வந்து அதுவே காவலாக நிற்கும், ஸ்லீவ்காரர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் காவலும் இல்லை. சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் என் அறையில் கூட்டம் அதிகம். பந்தலுக்குப் பந்தல் பானகம், ரோஸ்மில்க். அன்பாகக் கொடுக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. நீர்மோர்ப் பந்தலாகப் பார்த்து நில்லுங்கள்.

டீயைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். பரவை மார்க்கெட்டில் காலை மூன்று மணியிலிருந்து நிற்கும் ஒருவர், "டீ எல்லாம் சாப்பாடா மேடம்?" என்றார். நாளைக்கு ஆறு டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, பத்து கிராம், 40 கலோரி. ஆறுக்கு 240. பாலைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது என்பார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு மாதச் சர்க்கரை ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட வருகிறது. உடம்பு இப்படி நேராகக் கணக்குப் போடாது என்பது வேறு. ஆனாலும் அவர் சர்க்கரையை நிறுத்தினார், முள் நகர்ந்தது. இன்னொன்று: டீயும் காப்பியும் சாப்பாட்டோடும் சத்து மாத்திரையோடும் சேர்ந்து போனால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. நம் பெண்களுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு.

எடை நின்ற பிறகும் உடம்பு மாறிக்கொண்டிருக்கும் என்பது மெஷினுக்குத் தெரியாது, டைலருக்குத் தெரியும். இரண்டு மாதமாக 87-இலேயே நிற்கிறேன் என்று அழுத ஒரு அக்காவிடம், "பிளவுஸைக் கடைசியா எப்பப் பிடிச்சீங்க?" என்று கேட்டேன். "போன வாரந்தான், ரெண்டு பக்கமும் பிடிக்கச் சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். இடுப்பில் ஒரு டேப்பைச் சுற்றி மாதம் ஒரு முறை எழுதி வையுங்கள். தசைக்கு வேலை கொடுங்கள். நடை நல்லதுதான், அது மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் பிடித்துத் தூக்கி இறக்குங்கள். இதற்கு ஜிம்முக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டாம்.

செய்யக்கூடாதது ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். முள் நின்றவுடன் பட்டினி கிடப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்து நாள் வெறும் மோரும் இளநீரும் குடித்தால் பை மறுபடி சுருங்கிவிடும் என்று செல்போனில் யாரோ சொல்வதை நம்பி. தைத்த இரைப்பை ஒன்றும் நனைத்தால் சுருங்கும் பருத்தித் துணி இல்லை. சுருங்குவது தசைதான். அதைவிடப் பெரிய ஆபத்து: சாப்பிடாமல், அல்லது தொடர்ந்து வாந்தி எடுத்துக்கொண்டு இருந்தால், பி1 வைட்டமின் சில வாரங்களில் தீர்ந்துபோய் மூளையைத் தாக்கும். நடை தடுமாறுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது என்று வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்தக் கதை எடைக் கதையே அல்ல. இப்போது எடை குறைக்க ஊசியும் வந்துவிட்டது. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி என்று இந்தியக் கடைகளில் வாரம் ஒரு முறை போடும் மருந்துகள் வந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு எடை திரும்ப ஏறியவர்களுக்கு மருத்துவர்கள் இவற்றைத் தருவதும் உண்டு. பலன் இருக்கிறது. ஆனால் மச்சினன் போட்டுக்கொண்டதில் மிச்சம் இருக்கிறது என்று வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்து இல்லை இது.

நின்றது வேறு, ஏறுவது வேறு. குறைந்தபட்ச எடையிலிருந்து இரண்டு மூன்று கிலோ ஏறி இறங்குவது எல்லாருக்கும் உண்டு. பொங்கலுக்குப் பொங்கல் ஏழெட்டு கிலோ ஏறிக்கொண்டே போனால் காரணம் தேட வேண்டும். தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, இன்சுலின், சில மனநல மருந்துகள், தூக்கத்தில் மூச்சுத்திணறல், ராத்திரி ஷிப்ட், மதுப்பழக்கம். பைபாஸ் செய்தவர்களுக்கு மது சட்டென்று தலைக்கேறும், பழக்கமும் எளிதில் ஒட்டிக்கொள்ளும், ஆண்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்குப் பை உண்மையிலேயே விரிந்திருக்கும், அதை எண்டோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லலாம். இவ்வளவையும் கண்டுபிடிக்க நீங்கள் முதலில் வர வேண்டும். வருவதில்லை. முதல் வருஷம் எல்லாரும் வருகிறார்கள். எடை நின்றதும் வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் போகிறார்கள். எடை ஏறியவரை மூன்று வருஷம் கழித்து வேறு காரணத்துக்காக வார்டில் பார்ப்பேன், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் வலித்த காட்சி அதுதான்.

அந்த வெட்கத்தை ஊட்டுவது யார்? இதை வீட்டுக்காரர்களைப் பார்த்துக் கேட்கிறேன். "அவ்வளவு காசைக் கொட்டி, இவ்வளவுதானா?" என்று ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்பது நீங்கள்தானே? அடுத்த நிமிஷமே, "ஒரு கரண்டி பிரியாணி வச்சா செத்தா போயிருவ?" என்று இலையில் தள்ளுவதும் நீங்கள்தான். கெடாவெட்டு விருந்தில் இலையில் மிச்சம் வைத்தால் கூப்பிட்டவருக்கு அவமரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். பாதியில் எழுந்துபோகும் மருமகள் திமிர் பிடித்தவள் அல்ல, அவள் வயிற்றில் இடம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். அதற்கு ஐந்து வருஷம் முன்னால் 31-ம் 28-ம் ஆக இருந்தது. ஐந்து வருஷத்தில் பத்தில் ஒருவருக்குத் திடீரென்று நாக்கு நீண்டுவிட்டதா என்ன?

வெட்கப்பட்டு வராதவர்களைப் பயம் வரவைத்த கதையும் உண்டு. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் எடைக் குறைப்பு ஆபரேஷனை ஒட்டி உயிரிழந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த வாரம் என் போன் ஓயவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டு நாலு வருஷம் ஆனவர்கள்கூடப் பயந்து பேசினார்கள். அவர்களில் பலர் இரண்டு வருஷமாக ரத்தப் பரிசோதனைக்கு வராதவர்கள். பயம் வந்ததும் நல்லதாகப் போயிற்று, வந்தார்கள். பாதிப் பேருக்கு வைட்டமின் பி12-ம் டி-யும் தரைமட்டம். எடை நிற்கிறதா என்று தினமும் பார்த்தவர்கள், இதை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

கேள்விகள் இருக்கும். எழுதித் தரலாம், கூச்சம் இருந்தால் பெயர் போட வேண்டாம். ஆபரேஷன் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனை செய்யாதவர்கள் மட்டும் தங்கள் போன் எண்ணை வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள், நாங்களே கூப்பிடுகிறோம். எடை மெஷின் ஒன்றும் வேனில் கிடக்கிறது. கேட்டால் எடுத்து வைப்போம், கேட்காவிட்டால் அங்கேயே இருக்கட்டும். டீ வந்துவிட்டது. இரண்டு கேன் சொல்லியிருக்கிறேன். மூடியில் சிவப்பு நூல் கட்டியதில் சர்க்கரை இல்லை.